பெங்களூரு மைக்ரோப்ரூவரிகள்: உங்க கிளாஸில் இருக்கும் பீரை முடிவு செய்வது யார்?

பெங்களூருக்கு வேலை மாறிப் போன நண்பர் உங்களுக்கு ஒருத்தராவது இருப்பார். நீங்க அவரைப் பார்க்கப் போற முதல் சனிக்கிழமை ராத்திரி எங்கே கூட்டிட்டுப் போவார்னு கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டாம். இந்திராநகர், கோரமங்கலா, இல்லையென்றால் ஒயிட்ஃபீல்ட். மூன்று மாடிக் கட்டடம், கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிப் பளபளக்கும் ஸ்டீல் டேங்குகள், மெனுவில் ஹெஃபவைசன், விட்பியர், ஐபிஏ, ஸ்டவுட் என்று வாயில் சட்டென நுழையாத பெயர்கள். ஒரு கிளாஸ் பெரும்பாலும் 300 ரூபாய்க்கு மேல். "பாட்டில் சரக்கு இல்லடா, இங்கேயே காய்ச்சுறது" என்பார் நண்பர், ஏதோ அவரே அடுப்பு மூட்டிக் காய்ச்சிய மாதிரி.

அவர் சொல்றது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் சில கேள்விகள் வரணும். இங்கே காய்ச்சுகிறவர்கள் ஏன் சென்னைக்கு வந்து காய்ச்சுவதில்லை? நல்லா இருக்குன்னு நினைச்சா ஏன் அதே பீரை பக்கத்துக் கடையில் வாங்க முடிவதில்லை? விலை ஏன் இவ்வளவு? இவற்றுக்குப் பாதி பதில் அந்த டேங்குக்குள் இருக்கிறது. மீதிப் பாதி மாநிலக் கலால் துறையின் விதிகளில் இருக்கிறது. இரண்டாவது பாதியைத்தான் யாரும் பேசுவதில்லை.

டேங்குக்குள் என்ன நடக்கிறது?

குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சுவதை வீட்டில் பார்த்திருப்பீங்க. பீரின் தொடக்கமும் அதேதான், தானியம் மட்டும் பார்லி. முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக்கூடியவை. அப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். லேசாக வறுத்தால் பொன்னிறம், கருக வறுத்தால் ஸ்டவுட்டின் கறுப்பும் காபி வாசனையும்.

உடைத்த மால்ட்டை ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். சர்க்கரை தண்ணீரில் இறங்கிவிடும். சக்கையை வடித்துவிட்டு அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களோடு ஒரு மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும், கொதிக்கவிடுவார்கள். பீரின் கசப்பு இந்தப் பூவிலிருந்து வருவது. பீரைக் கெடாமல் காக்கிற வேலையும் ஓரளவு அதற்கு உண்டு. பிறகு குளிரவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். இட்லி மாவு ராத்திரி பொங்குவது போல, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியிடும்.

எந்த ஈஸ்ட், எந்த வெப்பநிலை என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. ஏல் வகை 20 டிகிரியை ஒட்டி நொதித்து இரண்டு மூன்று வாரத்தில் குடிக்கத் தயார். லாகர் வகைக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளிய வேண்டும். கிங்ஃபிஷர் போன்ற பாட்டில் பீர்கள் எல்லாம் லாகர். ஆனால் மைக்ரோப்ரூவரி மெனுவில் அதிகம் இருப்பது ஏல் வகைகள். காரணம் ருசி மட்டும் இல்லை. ஒரு லாகர் டேங்கை அடைத்துக்கொண்டு கிடக்கும் நேரத்தில் இரண்டு ஏல் காய்ச்சி விற்றுவிடலாம்.

ஹெஃபவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். எசன்ஸ் ஊத்துறாங்களோன்னு சந்தேகப்பட வேண்டாம், அந்த ஜெர்மன் கோதுமை பீருக்கான ஈஸ்ட் நொதிக்கும்போதே அந்த வாசனையை உண்டாக்கிவிடும். விட்பியர் வேறு கதை. அதில் ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும் நிஜமாகவே போடுகிறார்கள். சாம்பார் பொடிக்குப் போடும் அதே மல்லி விதைதான்.

பாட்டில் பீர் வடிகட்டி, பாஸ்சரைஸ் செய்யப்பட்டது. மே மாத வெயிலில் லாரியில் போய், கடையில் மாதக்கணக்கில் கிடந்து, எந்த ஊரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அதன் கட்டாயம். மைக்ரோப்ரூவரி பீரை பெரும்பாலும் வடிகட்டுவதுமில்லை, பாஸ்சரைஸ் செய்வதுமில்லை. ஈஸ்ட் உள்ளேயே மிதக்கிறது, அதனால் கலங்கலாக இருக்கிறது. குளிர் குறைந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, இது காய்ச்சிய இடத்திலிருந்து ரொம்ப தூரம் போக முடியாத பண்டம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

ஏன் பெங்களூரு?

ஐடி சம்பளம்தான் காரணம் என்பது எல்லோரும் சொல்லும் பதில். தப்பில்லை, ஆனால் கதை அதைவிடப் பழையது. கண்டோன்மென்ட் காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகத் தென்னிந்தியாவில் பல பீர் ஆலைகள் இருந்தன. நீலகிரியில் இருந்தது, பெங்களூரில் இருந்தது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் அப்படிப்பட்ட ஐந்து ஆலைகளை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். சுதந்திரத்தை ஒட்டி அது விட்டல் மல்லையா கைக்கு வந்தது. இன்று அதன் கட்டுப்பாடு ஹைனெகனிடம். நகரின் நடுவில் நிற்கும் யுபி சிட்டி என்ற பெயரிலும் அந்த 'யுபி' இருக்கிறது. 1980-களிலேயே இங்கே பப்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்தியாவின் பல ஊர்களில் குடிப்பது என்றால் இருட்டறையும் திரைச்சீலையும் என்றிருந்த காலத்தில், பெங்களூரில் பட்டப்பகலில் ஜக்கில் பீர் வாங்கி ராக் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனாலேயே மைக்ரோப்ரூவரியைத் தொடங்கி வைத்தது பெங்களூரு என்று நினைத்துவிட வேண்டாம். குர்கானும் புனேயும் முந்திக்கொண்டன. புனேயில் டூலாலி 2009-இலேயே வந்துவிட்டது. பெங்களூரில் 2010-இல் இந்திராநகர் 100 அடி சாலையில் டாய்ட், 2011-இல் தி பியர் கிளப், 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து பெயரோடு வந்த ஆர்பர், அதே ஆண்டு ஒயிட்ஃபீல்டில் ஜாஸ் மேடையும் புத்தக அலமாரியுமாக விண்ட்மில்ஸ். இப்போது நகரில் 60-க்கும் மேல்.

ஐடி கூட்டம் இதற்குக் கொடுத்தது பணத்தை மட்டும் இல்லை. வேலைக்காக ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ ஆறு மாதம் போய், அங்கே குடித்துப் பார்த்துவிட்டு வந்து, 'இது ஏன் நம்ம ஊர்ல இல்லை' என்று கேட்ட ஒரு தலைமுறை இங்கே தயாராக இருந்தது. காய்ச்சுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்து ஒரு பீர் காய்ச்சினார்கள். ராகி, மாம்பழம், சிக்கமகளூரு காபி என்று இந்தப் பக்கத்துச் சரக்குகள் பல இடங்களில் டேங்குக்குள் போயின. எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சில மாம்பழ பீர்கள் இருமல் மருந்தை ஞாபகப்படுத்தும்.

ஒரு நாடு, பல பீர் சட்டங்கள்

இனி அந்த இரண்டாவது பாதி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவது மாநிலம். கலால் வரியும் மாநிலத்துடையது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மது அதற்குள் போகவில்லை. பல மாநிலங்களின் சொந்த வருமானத்தில் மது வருமானம் பெரிய பங்கு. அதை யார் விட்டுக்கொடுப்பார்கள்? விளைவு, பீர் விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. ஓசூர் எல்லையைத் தாண்டினால் விலை, உரிமம், லேபிள், நேரம் எல்லாமே மாறும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பீரா 91 ஒரு உதாரணம். அது மைக்ரோப்ரூவரி இல்லை, 2015-இல் கடைக்கு வந்த பாட்டில் பிராண்ட். அதன் தாய் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போகும் எண்ணத்தில் தன் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற ஒரே ஒரு சொல்லை நீக்கியது. நிறுவனத்தின் பெயர் மாறியதால் லேபிள்களை மாநிலம் மாநிலமாகப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. மாதக்கணக்கில் விற்பனை நின்றது. பழைய லேபிள் ஒட்டிய சுமார் 80 கோடி ரூபாய்ச் சரக்கு வீண். ருசியிலும் குறையில்லை, வாங்க ஆளும் இருந்தார்கள்.

கர்நாடகத்துக்கு வருவோம். மைக்ரோப்ரூவரி உரிமம் அங்கே தனியாக நிற்பதில்லை, பாரோ ஹோட்டலோ நடத்துகிற உரிமம் ஏற்கெனவே இருக்க வேண்டும். சிஎல்-9 என்று அழைக்கப்படும் பார் உரிமத்தை அந்த மாநிலம் 1992-க்குப் பிறகு புதிதாகக் கொடுக்காமலே இருந்தது. இருக்கிற பழைய உரிமங்கள் கைமாறும்போது பேசப்படுவது கோடிகளில். ஒரு தேர்ந்த ப்ரூயர் கையில் அருமையான பீர் செய்முறை இருக்கலாம். முதல் கெட்டிலை வாங்குவதற்கு முன்பே அவருக்கு ஒரு பணக்காரக் கூட்டாளி தேவை. பெங்களூரு மைக்ரோப்ரூவரிகள் ஏன் மூன்று மாடி, 300 இருக்கை, டிஜே என்று பிரம்மாண்டமாகவே இருக்கின்றன, ஏன் தெருமுனையில் இருபது பேர் உட்காரும் சின்ன ப்ரூவரி ஒன்றுகூட இல்லை என்று யோசித்திருந்தால், காரணத்தில் பெரும் பங்கு இது.

இன்னொரு கட்டுப்பாடு, காய்ச்சியதை அங்கேயே பரிமாற வேண்டும் என்பது. பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்ப அந்த உரிமத்தில் இடமில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதன் வலி தெரிந்தது. டேங்குகள் நிறைய பீர், குடிக்க ஒருவரும் இல்லை. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டம். நாட்டின் பல நகரங்களில் அதை டேங்க் டேங்காகச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். மே மாதத்தில் கர்நாடக அரசு, ஆளுக்கு 2 லிட்டர் வரை கண்ணாடி, பீங்கான், ஸ்டீல் பாத்திரங்களில் வாங்கிப்போகலாம் என்று தற்காலிகமாக அனுமதித்தது. பால் வாங்கப் போவது போல ஸ்டீல் கேனோடு வரிசையில் நின்றது இந்த ஹைடெக் நகரம்.

வளர நினைத்தவர்கள் எல்லை தாண்டினார்கள். பாட்டில் பீருக்காக ஆர்பர் கோவாவுக்குப் போனது. டாய்ட் புனேயிலும் மும்பையிலும் கிளை திறந்தது, அங்கே மறுபடி டேங்க் வாங்கி, மறுபடி காய்ச்சி. தோசை மாவை ஒரே சமையலறையில் அரைத்து எல்லாக் கிளைக்கும் அனுப்புகிற மாதிரி இதில் முடியாது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சே எழாததற்கும் இங்கேதான் காரணம். 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் முதலில் மொத்த விற்பனையைக் கையில் எடுத்தது, 2003-இல் சில்லறையையும். ஆலை காய்ச்சும், டாஸ்மாக் வாங்கும், டாஸ்மாக்கே விற்கும். காய்ச்சுகிற இடத்திலேயே நேராக வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுக்கும் ஆளுக்கு அந்தச் சங்கிலியில் எந்த இடம்? சென்னையிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் புதுச்சேரியில் மைக்ரோப்ரூவரி இருக்கிறது, ஏனென்றால் அது வேறு அரசு, வேறு கலால் விதி. இதை வைத்து 'நம்ம ஊர் பின்தங்கிடுச்சு' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவில் உட்கார்ந்த மாநிலத்தில், குடிக்கப் புதுசா ஒரு இடம் திறப்பது எந்த அரசுக்கும் அவ்வளவு எளிதில்லை. ஆனால் கடைகளில் எது விற்கிறது என்று பாருங்கள்.

இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'ஸ்ட்ராங்' வகை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல், 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீர் அது. நம்ம ஆட்களுக்கு ருசி தெரியாது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். பல மாநிலங்களில் வரி விழும் விதத்தைப் பாருங்கள்: பாட்டில் கணக்கிலோ விலைக் கணக்கிலோ விழுகிறது, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவில் இல்லை. லைட் பாட்டிலுக்கும் ஸ்ட்ராங் பாட்டிலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது. தினக்கூலியில் வாங்குகிறவர் கொடுக்கிற காசுக்கு எதில் போதை அதிகமோ அதைத்தானே எடுப்பார்? வரி ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 2023 ஜூலையில் கர்நாடகம் பீருக்கான கூடுதல் கலால் வரியை 175 சதவீதத்திலிருந்து 185 ஆக்கியது, அதோடும் நிற்கவில்லை.

400 ரூபாய் கொடுத்து 4.5 சதவீத பீரை மெதுவாக உறிஞ்சும் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே ருசி என்ற தேர்வு மிஞ்சியிருக்கிறது. மைக்ரோப்ரூவரியைப் பண்பாட்டு மாற்றம் என்று எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும்.

அந்த 400 ரூபாயும், காவிரித் தண்ணியும்

விலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் பார்லி விளைகிறது, ஆனால் தனி ருசிக்கான மால்ட்டில் நிறைய ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வருகிறது. ஹாப்ஸ் இமாசலத்தின் லாஹௌலில் கொஞ்சம் விளைந்தாலும், இங்கே காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் நம்புவது இறக்குமதியை. அதன்மேல் சுங்கம், வாடகை, உரிமக் கட்டணம், இரவு பகலாக டேங்கைக் குளிர்விக்கும் மின்சாரம். பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்க: ஜிஎஸ்டி சாப்பாட்டுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும், பீருக்கு இருக்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம்.

தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் கடந்து போக முடியாது. பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைவிட அதிகம் டேங்க் கழுவ, குழாய் கழுவ, குளிர்விக்கச் செலவாகிறது. பெரிய ஆலைகள் ஒரு லிட்டர் பீருக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீரில் முடிக்கப் பார்க்கும். சிறிய ப்ரூவரிகளில் 6, 7 என்று போகும், அதற்கு மேலும் போகலாம். பெங்களூருக்கு வரும் காவிரி சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து ஏற்றப்படுவது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு நகரம் அடித்துக்கொண்டபோது, காவிரி நீரில் கார் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே வாரக் கடைசியிலும் மைக்ரோப்ரூவரிகளில் மேஜை கிடைக்கவில்லை. எந்தக் குடியிருப்பில் பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தார்களோ அதே ஆட்கள்தான் உள்ளே இருந்தார்கள், அதனால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

வடித்த சக்கை மட்டும் வீணாகாது. பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. சேவிங் கிரெய்ன்ஸ் என்ற பெங்களூரு முயற்சி அதை மாவாக்கி உணவுப் பொருளாகவும் மாற்றுகிறது.

கிராஃப்ட் என்றால் உடம்புக்கு நல்லதா?

இல்லை. 'கெமிக்கல் இல்ல, ஃப்ரெஷ், தலைவலி வராது' என்று டேபிளுக்கு டேபிள் ஒருத்தர் சொல்வார். பதப்படுத்தாதது என்பது உண்மை, ஆனால் ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எவ்வளவு குடித்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கிளாஸ் கணக்கிலும் ஏமாந்துவிடுகிறோம். 4.5 சதவீத விட்பியர், 330 மில்லி கிளாஸ் என்றால் உள்ளே சுமார் 12 கிராம் ஆல்கஹால். 6.5 சதவீத ஐபிஏ, 500 மில்லி கிளாஸ் என்றால் சுமார் 26 கிராம், இரண்டு மடங்குக்கும் மேல். பார்வைக்கு இரண்டுமே 'ஒரு கிளாஸ்'. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஆளைப் பொறுத்து 7 முதல் 10 கிராம். அதாவது அந்த ஒரு ஐபிஏ முழுசாக இறங்க மூன்று மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும் அந்த நேரம் குறையாது.

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் நீங்கள் குற்றவாளி. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரிய கிளாஸ் ஐபிஏ ஒன்றே பலரை அந்தக் கோட்டுக்கு மேல் கொண்டுபோய்விடும். இன்னொன்று, கர்நாடகத்தில் 21 வயது ஆகாதவருக்குப் பரிமாற மாட்டார்கள். கேம்பஸில் எடுத்து நேராக வந்த தம்பிகள் அடையாள அட்டையோடு வரவும்.

நண்பர் உங்களைக் கூட்டிட்டுப் போகும்போது மெட்ரோவில் போங்க. இந்திராநகர் நிலையம் பர்ப்பிள் லைனில் இருக்கு. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதல் கிளாஸுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. உட்கார்ந்ததும் முழு கிளாஸ் சொல்லாமல் டேஸ்டர் கேளுங்க, சின்னச் சின்ன கிளாஸில் நாலைந்து வகை வரும். எத்தனை சதவீதம் என்பது மெனுவிலேயே ஓரமாகப் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால், இந்த பீர் எந்தத் தேதியில் டேப்புக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பரிமாறுகிறவரிடமே கேளுங்க. நல்ல இடமாக இருந்தால் டேங்கைக் காட்டியே பதில் சொல்வார்.